மீட்டரக்கா நம்புவதில்லை

கேபிளின் முனையைக் கழற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார் மீட்டரக்கா. தண்ணீர் இறங்கிய கேபிளுக்குத் துரு வாடை உண்டு என்பது அவர் கட்சி. முகர்ந்தபின் செம்புக் கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பச்சை பூக்கவில்லை. அதற்காக அவர் முகம் தெளிந்துவிடவில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்கிறார், அதுவே ஒரு குற்றம் என்பதுபோல.

"கடைசியா இதை யாரு தொட்டது?"

எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் அவருடைய முதல் கேள்வி. யாரும் தொடவில்லை என்பதுதான் எந்த வீட்டிலும் பதில். "யாரும் தொடல. தானா கழண்டு, தானா தரையில படுத்துக்கிச்சு" என்று முணுமுணுத்தபடி சோஃபாவுக்குப் பின்னால் ஊர்ந்துபோவார்.

ஐம்பதைத் தொடப்போகும் வயது. ஒல்லி உடம்புக்கு இரண்டு அளவு பெரிய ஆண்கள் சட்டை. ஒளிபரப்பு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் ஒப்பந்த வேலை. ஆண்டெனா வைத்து டிஜிட்டல் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகளில் படம் கெட்டால் வந்து பார்ப்பார். பழைய டிவியில் சிக்னல் குறைந்தால் புள்ளி மழை பெய்யும். ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். டிஜிட்டலில் அந்தக் கருணை இல்லை. வந்தால் கண்ணாடிபோல வரும். கெட்டால் சதுரம் சதுரமாக உடைந்து, குரல் விக்கி, கறுத்துப்போகும். "கடைசி நிமிஷம் வரைக்கும் நல்லவன் மாதிரியே இருப்பான். அப்புறம் கழுத்தறுப்பான். அந்த ரகம் இது."

அலுவலகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. டவரின் சிக்னல் எட்டும் இடமெல்லாம் அதில் பச்சை. போனில் புகார் சொல்பவரிடம், "உங்க ஏரியா பச்சைங்க, படம் வரணுமே" என்பார்கள். மீட்டரக்காவுக்கு அந்தப் பச்சை மீது தீராத சந்தேகம். லிஃப்ட் மீதும் சந்தேகம். ஏழு மாடியானாலும் படிதான். தோளில் சிக்னல் அளக்கும் மீட்டர் ஒன்றுக்கு இரண்டாகத் தொங்கும், ஒன்றை மற்றொன்று சோதிக்க. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டும் பேசி வெச்சிருக்கும்," என்றார். சிரிக்கவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்கு எதிரே இருந்த பெரிய மரத்தைக் காட்டி, இதுதான் மறைக்கிறது என்று சொன்னாராம். வீட்டுக்காரர் மரத்தை வெட்டிவிட்டார். படம் அப்போதும் உடைந்தது. மொட்டைமாடி இணைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான் கோளாறு. "அந்த மரத்துல கிளி இருந்துச்சு," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு முதலில் தோன்றும் பதிலை அவர் நம்புவதே இல்லை.

நான் மூன்றாம் மாடிவாசி. இந்தக் கட்டுரைக்காக அவர் பின்னால் அலைந்துகொண்டிருந்த வாரத்தில், எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்தே புகார் வந்தது. ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஒருவர், அவர் மகன், மருமகள். விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து பெரியவருக்குக் கூடத்து நாற்காலிதான் உலகம்; எதிரே டிவி. பன்னிரண்டு நாட்களாக அவர் குறிப்பு எழுதி வைத்திருந்தார். எல்லா நாளும் ஒரே வாசகம்: மாலை ஐந்தே கால். மருமகள் வந்தாள். படம் போனது.

மூன்று மணிக்கே போய்விட்டோம். மொட்டைமாடி ஆண்டெனா டவரைப் பார்த்து ஒழுங்காக நின்றது. கேபிள் முனைகளில் ஈரமில்லை. டிவியில் செய்தி வாசிப்பவரின் காதோர நரை வரைக்கும் துல்லியம்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "அவ வேணும்னே பண்றாம்மா. நான் டிவி பாக்குறது அவளுக்குப் பிடிக்கல."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கல. நேரம் ஒத்துப்போகுதே."

"நான் தினமும் எட்டு மணிக்குப் பல்லு விளக்குறேன். எட்டு மணிக்குத்தான் எங்க தெரு பஸ்ஸும் வருது. நானா ஓட்டுறேன்?"

இப்படிப் பேசினாலும், ஐந்தே காலுக்குக் கதவு திறந்து, வாசல் நடையைத் தாண்டி மருமகள் கூடத்தருகே வந்தபோது மீட்டரக்காவின் கண்கள் அந்தப் பெண்ணின் கைகளைத்தான் மேய்ந்தன. என் கண்களும்தான். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற களைப்பு முகம், இரண்டு கையிலும் பை. அவர் கூடத்துக்குள் கால் வைக்கும் முன்பே செய்தி வாசிப்பவரின் தாடை சதுரங்களாகச் சிதறியிருந்தது. பெரியவர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

"பாத்தீங்களாக்கா?" மருமகளின் குரல் உடைந்தது. "நான் டிவி பக்கமே போகல. வீட்டுக்குள்ள கால் வெச்சாலே படம் போகுதாம். நான் என்ன பேயா? இன்னைக்கு ஒரு முடிவு தெரியலன்னா நாளைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஆறுதலாக ஒரு சொல் இல்லை மீட்டரக்காவிடம். "போனைக் குடுங்க," என்றார். அணைத்தார். படம் உடைந்தபடியே இருந்தது. "சரி. எல்லாத்தையும் பழையபடி வெச்சிட்டு வெளிய போங்க. மறுபடி வாங்க. தினமும் செய்யறதையே செய்யுங்க. ஒண்ணக்கூட விடக்கூடாது."

மருமகள் நடை வழியே வெளியே போய் வாசற்கதவைச் சாத்தினார். படம் பளிச்சென்று திரும்பியது.

"பாருங்க! அவ போனா வருது!" என்றார் பெரியவர். அந்த நிமிடம் நானும் நம்பிவிட்டேன்.

மீட்டரக்கா நடைக்குப் போய் நின்றுகொண்டார். என்னைக் கூடத்தில் டிவி எதிரே நிறுத்தினார். கதவு திறந்தது.

"நில்லுங்க. படம் இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

"செருப்பக் கழட்டுங்க. இருக்கா?"

"இருக்கு."

"அடுத்து என்ன செய்வீங்க?"

"லைட்டு போடுவேன்."

சுவிட்ச் சத்தம் கேட்டது. படம் உடைந்தது. அணைத்ததும் வந்தது. போட்டதும் போனது. மீட்டரக்கா அண்ணாந்து பார்த்தார். நடையின் கூரையில் ஒரு மலிவு எல்இடி பல்பு. அதை உரசியபடி கூடத்துக்குப் போகும், மேலுறை வெடித்துப்போன ஆண்டெனா கேபிள். பல்புக்குள் இருக்கும் மட்டமான சர்க்யூட்டின் இரைச்சல் கேபிளுக்குள் புகுந்து சிக்னலைக் கெடுத்திருக்கிறது. மகன் வீடு திரும்புவது பெரியவர் தூங்கிய பிறகு. ஆகவே அந்த விளக்கைப் போடுகிறவர் மருமகள் ஒருவர்தான். சற்று முன் வெளியே போனபோதும் அதை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

"இந்த பல்பு எப்ப மாட்டினது?"

"ஒரு மாசமா எரியாம கெடந்துச்சு. பத்துப் பன்னெண்டு நாள் முன்னாடி திடீர்னு எரிஞ்சுது. அவர்தான் மாட்டியிருப்பாருன்னு நெனச்சேன்," என்றார் மருமகள்.

கூடத்திலிருந்து பெரியவர் சொன்னார்: "நான்தான். வாட்ச்மேன்கிட்ட சொல்லி வாங்கி மாட்டச் சொன்னேன். ரெண்டு கையிலயும் பையோட இருட்டுல தடவிக்கிட்டு வருவா. என்னை மாதிரி விழுந்துட்டா?"

மருமகள் பையைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே நின்றார். "சொல்லியிருக்கலாமே மாமா."

"பல்பு மாட்டினத எல்லாம் என்னன்னு சொல்றது?" பெரியவர் டிவியைப் பார்த்தே பேசினார். "நான் எழுதினதுல நேரமெல்லாம் சரிதான்மா. ஆளுதான் தப்பு."

மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத ஒருவரால் அவ்வளவுதான் முடியும்.

வேறு யாராயிருந்தாலும் அங்கேயே கிளம்பியிருப்பார்கள். மீட்டரக்கா அந்தப் பல்பைப் படுக்கையறையில் மாட்டிப் பார்த்தார். குளியலறைப் பல்பை நடைக்குக் கொண்டுவந்து ஒன்பது முறை போட்டு அணைத்தார். இரண்டு மீட்டரையும் ஒட்டவைத்துப் பார்த்தார். பிறகு வெடித்த கேபிளை உருவிவிட்டு, இரட்டை உறை போட்ட புதுக் கேபிளை விளக்கிலிருந்து ஒரு கை தள்ளி இழுத்தார். அதற்குள் மருமகள் முகம் கழுவிக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் போன் செய்து ஏதோ சொல்லிவிட்டு, மாமனாரிடமிருந்து ஒரு முக்காலி இடம் மட்டும் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே உடையாதுல்ல?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு உடையல," என்றார் மீட்டரக்கா.

வெளியே வந்தோம். கதவு சாத்தப்பட்டது. நான் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினேன். அவர் வரவில்லை. சாத்திய கதவில் காதை ஒட்டவைத்து, மூச்சை அடக்கி நின்றுகொண்டிருந்தார். உள்ளே பெரியவரின் குரல்: "நீ எந்த சேனல்மா பாப்ப?" மருமகள் ஏதோ சொன்னார்; கேட்கவில்லை. மீட்டரக்கா ஒரு கையை உயர்த்தி என்னை அசையாதே என்றார். பிறகு, மறு காதையும் கதவில் வைத்தார்.