அண்ணன் பெயரில் என் நெஞ்சு

சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். நெஞ்சில் பட்ட பலகை சில்லென்று இருந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் பெயரைச் சொல்லி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். அவர் சொன்னது என் அண்ணன் பெயர். பிடித்தேன்.

அண்ணனும் நானும் வலங்கைமான் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் இருந்தோம். தவிட்டுத் தூசியில் அங்கே இருமாத ஆள் கிடையாது. வேலை விட்டதும் ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வோம். தொண்டை சரியாகிவிடும். அந்த வருஷம் அண்ணனுடைய இருமல் வெல்லத்துக்கு அடங்கவில்லை. மூன்று மாதம் இருமினார். கைலி இடுப்பில் நிற்காமல் இறங்கியது. ஒருநாள் சளியில் ரத்தத்தைப் பார்த்துக் கேட்டேன். "வெத்தலைடா" என்றார். அன்று அவர் வெற்றிலை போடவில்லை. ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். அண்ணன் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் வராமல் மில்லில் பாதி நாள் வேலை இல்லை. அவருக்குத் துபாய் விசா வந்திருந்தது. படத்தில் நிழல் தெரிந்தால் டி.பி. என்று எழுதிவிடுவார்கள், விசா போய்விடும். எங்களுக்குத் தெரிந்த பயம் அது ஒன்றுதான். புற்றுநோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் வந்த விசாவில் முத்திரை விழவும் நெஞ்சுப் படம் வேண்டும். ஏஜெண்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. எலும்புல பேரா எழுதியிருக்கு?" என்றார். அண்ணன் சிரித்தார். "நீயே போடா. பீடி இழுக்கத் துப்பில்லாத பய, உனக்குத்தான் நல்ல நெஞ்சு." நான் போனேன். அண்ணன் விமானம் ஏறினார்.

வேலை செய்ய முடியவில்லை என்று எட்டு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தஞ்சாவூரில் புதிதாகப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர், பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். ஆனா இதுல ஒண்ணுமே இல்லையே. எட்டு மாசத்துல இவ்வளவா?" அண்ணன் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்ற பார்வை. திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பிரயோசனமில்லை, அதற்குள் முதுகெலும்பு வரை போயிருந்தது. அந்த டாக்டரம்மாவின் சீட்டோடு அன்றைக்கே அவரை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அதற்குப் பதில் என் நெஞ்சைக் கொடுத்தேன். அறுவடைக்கு முன் போய்விட்டார்.

"நல்ல நெஞ்சோடதான் இங்கேருந்து போனாரு. அந்த ஊரு மணலு தின்னுடுச்சு" என்று அண்ணி இன்னும் சொல்கிறார். நான் மறுத்ததில்லை. போன தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். காலையில் அண்ணி பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து ஜன்னலில் பிடித்தார். "உங்கப்பா நெஞ்சைப் பாருடி, கண்ணாடி மாதிரி இருந்துச்சு." பெண் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில்தான் நின்றேன். பந்திக்கு இலை போடக் கூப்பிட்டார்கள், போனேன்.