பர்லியாரில் குடிக்காத டீ

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் என் கணவர் பர்லியாரில் காரை நிறுத்திவிடுவார். "இந்த டீ மாதிரி எங்கயும் வராது கண்ணு" என்பார். டம்ளரும் கையுமாகக் காரைச் சுற்றிச் சுற்றி வருவார். விசேஷத்துக்கு நேரமாகிறதே என்று நான் உள்ளே இருந்து கத்துவேன்.

அவர் காலமான பிறகு காரை நான்தான் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு வளைகாப்புக்காக முதல்முறையாகத் தனியாக மலை இறங்கினேன். பர்லியாரில் நிறுத்தவில்லை. அடிவாரம் வந்ததும் ஒரே தீய்ந்த வாசனை. பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போனது. பயந்துபோய், கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன்.

"நாலு வீலுக்கும் பிரேக் மாத்தோணுங்க. இப்படியே ஓட்டினா உசுருக்கு ஆபத்துங்க" என்றார் மெக்கானிக்.

சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. பர்லியாரிலும் இதே வாசனை வருமே! என் கணவர் குனிந்து குனிந்து சக்கரத்தைப் பார்ப்பாரே!

"முதல்ல பிரேக் சூடு ஆறட்டுங்க. அப்புறம் கழட்டி என் கண்ணுல காட்டுங்க" என்றேன்.

ஆறியதும் பிரேக் பழையபடி பிடித்தது. கழற்றிப் பார்த்தால் பிரேக் பேடும் அதிகம் தேயவில்லை. "இன்னும் ஓடுமுங்க" என்று இழுத்தார் மெக்கானிக்.

இப்போதெல்லாம் பிரேக்கை ஓயாமல் மிதிக்காமல் இரண்டாவது கியரிலேயே இறங்குகிறேன். பர்லியாரில் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை டீ குடிக்கிறேன். பழுதைக் கண்ணால் பார்க்காமல் எந்த மெக்கானிக்கிடமும் தலையாட்டுவதில்லை.

பிரேக் சூடாகிவிட்டது என்று சொன்னால் வழியெல்லாம் நான் நடுங்குவேன் என்று என் கணவருக்குத் தெரியும். அந்த டீ ஒன்றும் அவ்வளவு நன்றாக இல்லை.