இடது கால், வலது கால்

இது நடந்தது. என் வலது கால்துடுப்பு இன்னும் அந்தப் படகுக்குள்தான் கிடக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம். நான் வர மாட்டேன்.

லெம்பே நீரிணையில் முக்குளிப்பவர்களுக்கு நான் வழிகாட்டி. கறுப்பு மணலில் ஒளிந்திருக்கும் விநோத உயிர்களைத் தேடிக் காட்டுவேன், அவர்கள் படமெடுப்பார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குறுகலான இடத்துக்குள் ஒருவன் புகுந்தால், இன்னொருவன் வாசலில் இருந்து அவனுடைய கால்துடுப்பைப் பிடித்துக்கொள்வான். உள்ளே திரும்ப இடமிருக்காது. திரும்ப முயன்றால் சேறு கிளம்பிக் கண்ணை மறைக்கும். பின்புறமாகவே வர வேண்டும், அந்தக் கை இழுக்கும் வழியில். ஒருமுறை அழுத்தினால், 'போதும், வா' என்று பொருள்.

அன்று விருந்தினர் யாரும் இல்லை. என்னைக் கிளப்பியது கூட்டாளி மெசாக். மூழ்கிக் கிடக்கும் சரக்குப் படகுக்குள் ரோம ஆக்டோபஸைப் பார்த்தானாம். நகத்தளவு உடம்பு, முழுக்க ரோமம். இத்தனை வருடத்தில் என் படத்துக்குச் சிக்காதது அது ஒன்றுதான்.

படகோட்டி யோப்பி மாமா வாழைக்காய் வறுவலை மிளகாய்ச் சம்பலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"மாசமா இருக்கிற பொண்டாட்டிய விட்டுட்டு மயிரு மொளச்ச பூச்சியப் பாக்கப் போறியாடா, ரெனோல்?"

"புள்ள உடம்பெல்லாம் ரோமத்தோட பொறந்தா இவன் அதப் பாத்ததுதான் காரணம் மாமா," என்றான் மெசாக்.

"வாயாடாம ஜெபம் பண்ணிட்டு எறங்குங்கடா."

சிரித்துக்கொண்டே ஜெபித்தோம். இறங்கினோம்.

அடியில் அந்தச் சரக்குப் படகு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஓர் ஆள் மட்டும் நுழையும் வழி. வாசலை ஒட்டி வலப்பக்கம் இன்னொரு திறப்பு, இயந்திர அறைக்கு. நான் நேராக ஊர்ந்தேன். முன்னால் தகட்டில் தலையளவு ஓட்டை. அதற்குக் கீழே... அது.

பின்னால் மெசாக்கின் பிடி. படமெடுக்கத் தொடங்கினேன். நடுவில் பிடி தளர்ந்தது, பிறகு மறுபடி பிடித்தது. நான் கவனிக்கவில்லை.

வலது துடுப்பில் ஓர் அழுத்து. காற்றுமானியைப் பார்த்தேன். எழுபது; இறங்கும்போது இருநூறு. இன்னும் ஒரு படம்.

மறுபடி அழுத்து. இந்த முறை பலமாக.

சரி என்று பின்னால் நகர்ந்தேன். கை என் காலை வலப்பக்கம் இழுத்தது. வாசல் அவனுக்குத்தானே தெரியும். விட்டுக்கொடுத்தேன். முழங்கால் இரும்பில் இடித்தது. தொடைவரை எதற்குள்ளோ போயிருந்தது.

அப்போது முன்னால் வெளிச்சம்.

தகட்டு ஓட்டைக்கு வெளியே மெசாக். ஒரு கையில் விளக்கு. ஆக்டோபஸுக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். எல்லாம் சரிதானே?

அவனுடைய இரண்டு கைகளும் என் கண்ணெதிரே இருந்தன.

கத்தினேன். வாயில் குழாய்... வெறும் குமிழிகள். உதைத்தேன். சேறு கிளம்பியது. அவன் வெளிச்சம் மங்கி, மறைந்தது.

இருட்டு.

காற்று நாற்பது.

டங்... டங்... டங்... மெசாக், மணலைக் கிளறும் தன் இரும்புக் குச்சியால் சிலிண்டரில் தட்டுகிறான். தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. வாசலுக்கு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இடது துடுப்பில் ஒரு கை. ஓர் அழுத்து.

வந்துவிட்டான்.

இடது கால் வாசல் பக்கம். வலது கால் அறைக்குள். இரண்டு பக்கமும் இழுத்தார்கள்.

காற்று இருபது.

முழங்காலை மடக்கினேன். கையை நீட்டி வலது துடுப்பின் வார்க் கொக்கியைத் தேடினேன். விரலில் இன்னொரு விரல் பட்டது.

கொக்கியைத் திறந்தேன்.

கால் உருவிக்கொண்டது. இடது துடுப்பைப் பிடித்திருந்த கை என்னை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்தது. திரும்பிப் பார்க்காமல் மேலேறினேன்.

யோப்பி மாமா என்னைத் தூக்கிப் போட்டார். "எங்கடா அவன்?"

மெசாக் அதற்குப் பிறகுதான் வந்தான்.

"எந்தப் பக்கமாடா வந்த? நான் அந்த ஓட்டையிலேயே நின்னுட்டிருக்கேன்!"

"நீதானே இழுத்த? வாசல்ல?"

"வாசலா? ஒரே சேறு, வழியே தெரியல. வெளிச்சமாவது தெரியட்டும், சத்தமாவது கேக்கட்டும்னு அங்கேயே தட்டிட்டு நின்னேன். நான் வாசலுக்கே வரலடா."

யோப்பி மாமா நங்கூரத்தைத் தூக்கினார்.

அடுத்த வாரம் மெசாக் மட்டும் இறங்கினான். உள்ளே போகவில்லை. இயந்திர அறைத் தகட்டின் விரிசலில் கேமராவை வைத்து என் துடுப்பைப் படமெடுத்து வந்தான். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.

நான் திறந்த கொக்கி மாட்டியிருந்தது.

வார் இறுக்கப்பட்டிருந்தது. என் காலைவிடச் சின்னக் காலுக்கு.