பையில் பார்த்தது

பெங்களூரு தொம்மலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேதநாயகி பதினாறு வருடம் ஆயாவாக இருந்தாள். கழிப்பறை கழுவுவது, சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, வாந்தியைத் துடைப்பது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். கணவன் இறந்த பிறகு அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருப்பதே அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜூலை மாதக் காலை. மாடிப்படிக்குக் கீழே பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். நோட்டுகளுக்கு நடுவில் கறுப்பாகத் துப்பாக்கி தெரிந்தது.

"என்னடா அது?"

"டாய், ஆயாம்மா. அப்பா கார்ல கிடந்துச்சு."

"மிஸ் பார்த்தா பிடுங்கிடுவாங்க. உள்ள வை."

எல்.கே.ஜி. பக்கம் ஒரு குழந்தை அழுதது. வேதநாயகி போய்விட்டாள்.

இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் மாடியில் சத்தம் கேட்டது. பட்டாசு என்றார்கள். வேதநாயகி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் பத்தாம் வகுப்பு ஹரிஷ்குமார் குண்டு பட்டுக் கிடந்தான். காலையில் பார்த்த அந்தப் பையன் சுட்டிருந்தான்; முந்தின நாள் மைதானத்தில் இருவருக்கும் நடந்த சண்டைதான் காரணமாம். ஹரிஷ்குமாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. சுட்டவன் கரும்பலகை ஓரமாக நின்றிருந்தான். அவன் கால்சட்டை நனைந்திருந்தது.

காலையில் பார்த்ததை அலுவலகத்தில் அழுதபடி சொன்னாள். நிர்வாகி கோதண்டராமன் கதவைச் சாத்தினார்.

"போலீஸ் கேட்டா எதையும் பார்க்கலைன்னு சொல்லு வேதநாயகி. பார்த்துட்டும் சும்மா இருந்தியேன்னு உன் மேலதான் திரும்பும். ஸ்கூல் பேரும் போயிடும்."

மூன்று நாள் அப்படியே இருந்தாள். நான்காம் நாள் டிவியில் சுட்ட பையனின் அப்பா பேசினார். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்த நில வியாபாரி. துப்பாக்கியைப் பீரோவில் பூட்டித்தான் வைத்திருந்தேன், மகன் பூட்டை உடைத்து எடுத்திருக்கிறான் என்றார். வேதநாயகி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். காரில் கிடந்தது என்று பையன் சொன்னதையும், உள்ளே வை என்று தான் சொன்னதையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார். அடுத்த வாரம் பள்ளியில் அவளை வர வேண்டாம் என்றார்கள்.

கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது ஹரிஷின் அம்மா மமதா நின்றிருந்தாள்.

"அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லியிருந்தா எம்புள்ள இருந்திருப்பான், இல்லையா?"

"ஆமாம்மா," என்றாள் வேதநாயகி. மமதா அங்கிருந்து போனாள்.

பிறகு மமதாவும் சில பெற்றோரும் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேதநாயகியின் வாக்குமூலம்தான் அவர்கள் மனுவில் முதலில் இருந்தது. துப்பாக்கி இரும்புப் பெட்டியில், குண்டு வேறு பெட்டியில் இருக்க வேண்டும், வருடா வருடம் போலீஸ் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அரசாங்கமும் சுற்றறிக்கை அனுப்பியது. பையனின் அப்பாவுக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. பையன் சீர்திருத்தப் பள்ளியில் இருக்கிறான்.

வேதநாயகி இப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கிறாள். அங்கே வாட்ச்மேன் கிளெமென்ட், மல்லேஸ்வரத்தில் தான் முன்பு வேலை பார்த்த அபார்ட்மென்ட்டுக்குப் போய் வந்ததை ஒரு நாள் டீ நேரத்தில் சொன்னான்.

"புது ரூல் வந்துச்சுல்ல, துப்பாக்கி செக் பண்ணணும்னு. அங்க துப்பாக்கி வச்சிருக்குற ஒரு சார் வீட்டுக்குப் போலீஸ் வந்தாங்களாம்."

வேதநாயகி டம்ளரைக் கீழே வைத்தாள். "பெட்டியைத் திறந்து பார்த்தாங்களா?"

"எங்க? வாசல்லயே நின்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்."

வேதநாயகி டீயைக் குடிக்காமலே எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.