அம்மாவின் நாடி பார்த்து நான் சொன்னது

நான் என் மாணவர்களிடம் பொய் சொன்னேன். என் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமையாகத்தான் சொல்வேன்... அதில் எனக்கு வெட்கமில்லை.

பிசியோதெரபி கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். குழந்தைக்குத் தலை நிற்பதிலிருந்து முதுமையில் தசை கரைவது வரை, ஒவ்வொரு வயதிலும் மனித உடல் உழைப்பை எப்படித் தாங்குகிறது என்பதே என் பாடம். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பிறந்தவள் நான். எங்கள் ஊரிலிருந்து இந்தப் படிப்புக்காகக் கீழே இறங்கிய முதல் பெண். இதையும் பெருமையாகவே சொல்கிறேன்.

முதுமைப் பாடம் வந்தபோது மாணவர்களை எங்கள் ஊருக்கே அழைத்துப் போனேன். புத்தகப் படத்தைப் பார்த்து என்ன தெரியப்போகிறது? எழுபதை நெருங்கிய என் அம்மா, ஓடைக்கரைக் கொல்லைக்காட்டிலிருந்து சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வரை ஏறுவாள். பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஏறினாள். எப்படி ஏறினாள் தெரியுமா! பின்னால் வந்த மாணவர்கள் பாதி வழியில் பாறை பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா மூட்டையோடு திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, காலைல சோறு துன்னலையா?"

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலில் மூட்டையை இறக்கியதும் நாடி பார்த்தேன். ஏறும்போது இதயம் வேகமாக அடிப்பது இயல்பு. நின்ற பிறகு அந்த வேகம் எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்பதுதான் இதயத்தின் நலத்தைச் சொல்லும். இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்பவள் நானேதான். "ஒரு நிமிஷம் ஆச்சு மேடம்" என்றாள் ஒரு மாணவி.

தணியவில்லை. நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போனது. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தேன்... தணியவேயில்லை. அம்மாவின் மேலுதடு வியர்த்திருந்தது.

"எவ்ளோ மேடம்?"

நான் ஓர் எண்ணைச் சொன்னேன். முப்பது வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய எண் என்றும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பிள்ளைகள் எதிரில் அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றா? பல நாள் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தக் கைதட்டலை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரமே வந்து டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்று வேனில் மலையிறங்கிப் போனேன். தேர்வு வேலை வந்தது. தள்ளிப் போட்டேன்.

அம்மாவோ பார்ப்பவரிடமெல்லாம் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நெஞ்சை இறுக்கியிருக்கிறது. ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போக என் அண்ணன் ஜீப்பைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் ஏற மறுத்துவிட்டாளாம்.

"எம்பொண்ணு கைய புடிச்சி பாத்துட்டு சொல்லிட்டா. முப்பது வயசு பொம்பள மாரி கீறேனாம். நீ போடா."

மறுநாள் மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிப்போனார்கள். பிழைத்துக்கொண்டாள். இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. "நேத்தே வந்திருக்கலாமே. நீங்க இந்தப் படிப்புதானேம்மா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

கட்டிலிலிருந்து வாசல் வரை நடக்க நான்தான் பழக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். சொன்னதைவிடக் கூடுதலாகவே நடந்தாள். அதைப் பார்த்தும் பெருமைப்பட்டேன்... என்ன பிறவி நான்!

வாசலைத் தாண்டி அவள் இப்போது போவதில்லை. ஆனாலும், "இந்த வருசத்து புள்ளைங்கள இட்டுகினு வா" என்று விடாமல் கேட்டாள். போன மாதம் அழைத்துப் போனேன். அவர்கள் சுற்றி உட்கார்ந்ததும் அம்மா என்னிடம் கையை நீட்டினாள்.

"அன்னிக்கு பாத்துட்டு இன்னா சொன்ன? இவங்களுக்கும் சொல்லு."

பிடித்தேன். விட்டு விட்டுத் துடித்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

அதே எண்ணைச் சொன்னேன்.

கைதட்டினார்கள். அம்மா கையை இழுத்துக்கொண்டு, கதவோரம் நின்ற அண்ணனிடம், "கேட்டுக்கினியா?" என்று சிரித்தாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.