நண்டு வளைக்குள் என் கால்

நண்டு வளைக்குள் காலை நுழைத்தால் முதலில் தெரிவது வெதுவெதுப்பு. மேலே சேறு ஜில்லென்றிருக்கும். முழங்கால் அளவு உள்ளே போனதும் யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரி இருக்கும். முட்டைகூட வாங்காத வீட்டில் பிறந்து, மாட்டுங்காவில் வளர்ந்து, முப்பது வருடம் அலுவலக நாற்காலியில் கழித்த எனக்கு இது தெரிந்ததற்கு என் சம்பந்திதான் காரணம்.

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் இருப்பது மான்குர்தில். சம்பந்தி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்தவர், இப்போது ஓய்வு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் நன்றாக உள்வாங்கும்போது டிராம்பே கழிமுகத்து அலையாத்திக் காட்டில் நண்டு வேட்டைக்குப் போவது அவருடைய பல வருடப் பழக்கம். நுனி வளைந்த நீளக் கம்பி ஒன்றும் சாக்கு ஒன்றும்தான் ஆயுதங்கள்.

கம்பியை விடுவதற்கு முன் காலை விட்டுப் பார்க்க வேண்டுமாம். வளை எந்தப் பக்கம் திரும்புகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் பாதத்துக்குத்தான் தெரியுமாம். சர்க்கரை நோய் அவருடைய பாதங்களில் உணர்ச்சியே இல்லாமல் செய்துவிட்டது. ஒரு தடவை வீட்டுக்குள் ஆணியை மிதித்து, தரையில் ரத்தத்தைப் பார்த்து, அடிபட்டது யாருக்கு என்று கேட்டாராம். கூடப் போய்வந்த நண்பரும் ஊரோடு போய்விட்டார். தனியாகப் போகக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டான்.

என் மகள் போன் செய்தாள். "அப்பா, நீ கூடப் போயேன். ஆறு மாசமா அந்தக் கம்பியையே பாத்துண்டு உக்காந்திருக்கார். நீ சொன்னா மட்டும்தான் மாமா மறுத்துப் பேச மாட்டார்."

"எனக்கு நண்டுன்னா என்னன்னே தெரியாதேம்மா."

"நண்ட அவர் பாத்துப்பார். நீ அவரைப் பாத்துக்கோ. முழுசா கொண்டுவந்து விட்டுடு."

முழுசா என்ற சொல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் பயந்த சுபாவம். கல்யாணமாகிப் போன பெண்ணின் வீட்டில் அவள் பெயர் என்னால் கெட்டுவிடக் கூடாது. சர்க்கரை நோயாளியின் காலில் சின்னக் கீறல் பட்டால்கூட என்னவெல்லாம் ஆகும் என்று இரண்டு நாள் தேடித் தேடிப் படித்தேன். பையில் பஞ்சு, கட்டுத்துணி, புண் கழுவும் மருந்து, விசில், சர்க்கரை போடாத டீ. இனிப்பாக எதுவும் போய்விடக் கூடாது என்று பழைய பிஸ்கட் பொட்டலத்தைக்கூட வெளியே எடுத்து வைத்தேன். அவருடைய சர்க்கரை மாத்திரையை மகள் முந்தின நாளே என்னிடம் கொடுத்திருந்தாள். "வேணும்னே மறந்துடுவார். சாப்ட்டதும் நீயே கையில குடு."

டிசம்பர் காலை. டிராம்பேயில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் கம்பியோடு நின்றிருந்தார்.

"சாப்டாச்சா?" என்றேன்.

"ஆச்சு, ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

எங்கள் இரு வீட்டுக்கும் நடுவில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் இதுவரை வந்ததில்லை. இல்லை என்றால் கேட்டவர் ஓடியாட வேண்டியிருக்கும். சம்பந்திக்குச் சிரமம் கொடுக்கலாமா? கடிகாரத்தைப் பார்த்து மாத்திரையை நீட்டினேன். அவர் மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரியாதையாக வாங்கி விழுங்கினார்.

அவர் கால்களில் கான்வாஸ் ஷூவைப் போட்டுக் கணுக்காலோடு கயிறால் கட்டினேன். "கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு ஷூ எடுத்துக் குடுத்தீய. இப்ப மாப்பிள்ளையோட அப்பனுக்குக் கட்டியே விடுதீய," என்று சிரித்தார். நான் பேண்டைச் சுருட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினேன். இன்று என் கால்தான் அவருடைய கால் என்று ஏற்பாடு.

வளைகள் எல்லாம் ஒன்று போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பழைய வளையின் வாயில் பாசி படிந்திருக்கும். ஆள் இருக்கும் வளையின் வாசலில் புதுச்சேறு தள்ளிக் கிடக்கும், இரண்டு பக்கமும் கொடுக்கு உரசின கோடு இருக்கும். தண்ணீர் கலங்கியிருந்தால் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது. ஒரு வீட்டு வாசலைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்வது போல அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பத்து அடிக்கு ஒரு தடவை நான் அவருடைய ஷூவைப் பார்த்தேன்.

"என்னத்த சம்பந்தி என் காலையே பாக்கீய? நண்டு அங்கயா இருக்கு?"

முதல் இரண்டு வளையும் காலி. மூன்றாவதில் கம்பியால் வாசலைத் தொட்டுக் காட்டினார். "இதுல இருக்கான். விரல மடக்கிக்கிட்டு விடுங்க. நீட்டுன விரல அவன் சும்மா விடமாட்டான். எனக்குன்னா கவலையில்ல, பத்தும் இருக்கான்னு குனிஞ்சு எண்ணித்தான் பாக்கணும்."

விட்டேன். வளை சரிந்து இறங்கி இடப்பக்கம் திரும்பியது. சொன்னேன். "எவ்வளவு?" என்றார். "ஒரு சாண்." "இன்னும் விடுங்க." திருப்பத்துக்கு அப்பால் ஏதோ ஒன்று, வழவழப்பான, கெட்டியான ஒன்று, என் விரல் முட்டியில் உரசிவிட்டுப் பின்வாங்கியது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பயத்தில் இல்லை. உள்ளே ஓர் உயிர் என்னைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. அது மறுபடி வருமா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது. "சம்பந்தி, தொடறது! ரெண்டாவது தடவை!" என்றேன். பதில் இல்லை. கம்பியைத் தயாராக வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார் என்று எண்ணினேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்த நேரம்தான்.

"ஹட் யஹான் ஸே!" தள்ளிப் போ என்று சம்பந்தி அதட்டுவது கேட்டுத் திரும்பினேன். என்னிடம் ஒருநாளும் ஹிந்தியில் பேசியவரில்லை. அடுத்த நிமிடம் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். குளிர்காற்றில் சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கயிற்றை அவிழ்த்து ஷூவைக் கழற்றிப் பாதங்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. ஒரு கீறல் இல்லை.

பிறகுதான் அது உறைத்தது. "சாப்டேளா?"

"ஆச்சு."

"என்ன சாப்டேள்?"

வாய் குழறியது. "மொத நண்டு... மாட்டாம... நான் எதுவும் வாயில வைக்கிறதில்ல. எப்பவுமே."

வெறும் வயிற்றில் மாத்திரை, சர்க்கரை இறங்கிவிட்டது. கொடுத்தது என் கை. பையைக் கொட்டினேன்: பஞ்சு, விசில், சர்க்கரை இல்லாத டீ. விசிலை ஊதினேன்.

தூரத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த கோலி மீனவப் பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். சீனி வேண்டும், சீனி என்று ஹிந்தியில் கத்தினேன். நான் ஐந்து நிமிடத்தில் கடக்கும் சேற்றை அவள் தெருவில் நடப்பது போல நடந்து வந்தாள். அவள் பாட்டிலில் இருந்த டீ பாயசம் மாதிரி இருந்தது. "பீ லோ காகா, பீ லோ," என்று அவர் தாடையைப் பிடித்து மடக்கு மடக்காகக் கொடுத்தாள். நடுவில் என் பக்கம் திரும்பி, விசில் கொண்டுவந்தவனுக்கு வெல்லம் கொண்டுவரத் தெரியாதா என்று திட்டினாள். பர்தி வருகிறது, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் எழுந்திருங்கள் என்றாள்.

கால் மணி நேரத்தில் அவர் கண்ணில் ஆள் வந்தது. மீண்டும் ஷூவைக் கட்டி, ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகக் கரை ஏற்றினோம். எங்கள் பின்னால் வளைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

ஆட்டோவில் அவர் மெதுவாகச் சொன்னார். "பிள்ளகிட்ட சொல்ல வேண்டாம் சம்பந்தி. வயித்துப் பிள்ளக்காரி, பதறிருவா."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய வார்த்தையை நான் மறுத்தேன். அவர் எதிரிலேயே மகளுக்குப் போன் போட்டேன். "நான்தாம்மா மாத்திரை குடுத்தேன். சாப்ட்டாரான்னு சரியா கேக்கலை," என்று ஆரம்பித்தேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உங்கப்பா கேட்டாவ தாயி. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் பேசியது எனக்கும் கேட்டது. டாக்டரிடம் இப்போதே போக வேண்டும்; இனிமேல் இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகக் கூடாது, மாமாவும் சரி, அப்பாவும் சரி.

"சரி தாயி," என்றார் அவர். போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு அவரிடம் கேட்டேன்:

"ரெண்டு தடவை தொட்டுதே, அது கொடுக்கா, முதுகா?"

"வழுவழுன்னா இருந்துச்சு?"

"ஆமாம்."

"அப்ப முதுகு," என்றார். "ஆண் நண்டுன்னா கொடுக்கத்தான் நீட்டியிருப்பான். சினையா இருக்கிற பொட்டை நண்டா இருக்கும். மாட்டாம போனதே நல்லது."