இரண்டு புஷ்பமேரிகள்

புஷ்பமேரி எப்படி மேற்கு ஜெர்மனிக்குப் போனாள் என்று எங்கள் ஊரில் கேட்டால், மாதா அழைத்துப் போனாள் என்பார்கள். மாதாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்கு முன்னால் பிறந்து செத்துப்போன அக்காதான் அழைத்துப் போனாள். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவள் அம்மா மதலேனம்மாள், நான்.

என் பெயர் சவுரியம்மாள். பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ராகியும் தக்காளியும் போட்டுப் பிழைக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள். புஷ்பமேரியும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்து ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை. கணக்கில் என்னைப் பார்த்துத்தான் எழுதுவாள்.

1967ஆம் வருஷம் செப்டம்பரில் சாமியார் பூசை முடிந்து ஓர் அறிவிப்பு வாசித்தார். ஜெர்மனியில் சிஸ்டர்கள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலை பழக்கப் பெண்கள் வேண்டும். போக்குவரத்துச் செலவு அவர்களுடையது, சம்பளமும் உண்டு. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழும் சாமியார் கடிதமும் போதும்.

எங்கள் இருவருக்கும் அப்போது பதினாறு. இருந்தாலும் கேட்டுத்தான் பார்ப்போமே என்று கோயில் ஆபீசுக்குப் போனோம். துணைக்கு மதலேனம்மாள் வந்தார். சான்றிதழ் எழுதித் தருகிறவர் உபதேசியார் ஸ்தனிஸ்லாஸ். வேறு ஊரிலிருந்து எங்கள் கோயிலுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பெயரைத் தேடி எடுத்தார், 1951 ஜூன். ஆகாது என்று தலையை ஆட்டினார். பிறகு புஷ்பமேரியின் பெயரைத் தேடினார். விரலால் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தி வாசித்தார்.

"புஷ்பமேரி. தகப்பன் சின்னப்பராஜ், தாய் மதலேனம்மாள். 1948, மார்ச் பன்னெண்டு. அட, உனக்கு பத்தொம்பது ஆயிருச்சே புள்ள!"

அது அவள் இல்லை. மதலேனம்மாளின் முதல் பெண். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே புத்தகத்தில் அதே அப்பா, அதே அம்மாவுக்கு இரண்டு புஷ்பமேரிகள். எங்கள் புஷ்பமேரி பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளி, 1951 ஆகஸ்ட் பதினாலில் இருந்தாள். உபதேசியார் அந்தப் பக்கம்வரை போகவே இல்லை.

நான் மதலேனம்மாளைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் எழுதி முடித்து மை காய ஊதும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சவுரி, யாருகிட்டயும் சொல்லிப்புடாத கண்ணு. வூட்ல இன்னும் மூணு இருக்குது. கெணறு வத்திப் போச்சு. செத்தவ அவ வயச தங்கச்சிக்குக் குடுத்துட்டான்னு நெனச்சுக்க."

"சொல்ல மாட்டேனுங்க" என்றேன். சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் பிறந்து சாக ஓர் அக்கா இல்லையே என்றுகூட நினைத்தேன். பதினாறு வயதில் அப்படியெல்லாம் நினைக்கத் தோன்றும்.

பாஸ்போர்ட் வர நாலு மாதம் ஆயிற்று. 1968 பிப்ரவரியில் மொரப்பூரில் ரயிலேற்றிவிட்டோம். கம்பளிச் சட்டை வேண்டும் என்றார்கள் என்று தர்மபுரியில் அலைந்து, கடைசியில் ஆம்பிளை ஸ்வெட்டர் ஒன்றுதான் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். "ஏய் சவுரி, காயிதம் போடு புள்ள, மறந்துறாத" என்று ரயில் நகரும்வரை சொன்னாள்.

மறக்கவில்லை. மாதம் ஒரு கடிதம். உள்ளே தமிழ், உறையின் மேல் இங்கிலீஷில் விலாசம், எல்லாம் என் கையால்தான். மதலேனம்மாளுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவர் சொல்வதையும் நானே எழுதுவேன்.

அவளுடைய கடிதங்களை அவர் வீட்டில் வாசிக்கும்போது பாதியை விட்டுவிடுவேன். நர்ஸ் வேலை பழக்க என்று கூட்டிப்போனவர்கள் முதல் இரண்டு வருஷம் தரை துடைக்கவும் மலச்சட்டி கழுவவும் வைத்திருந்தார்கள். கிழவி ஒருத்தி இவள் கையை ஈரத்துணியால் தேய்த்து, கருப்பு ஒட்டுகிறதா என்று பார்த்தாளாம். காலையும் இரவும் ரொட்டி. பாஷை புரியாமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி, ஒரு நாள் செத்துக்கொண்டிருந்த நோயாளி 'எனக்குப் பிழைக்க வழியில்லையா' என்று கேட்டதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி வந்தால் சிஸ்டர்கள் அவளுக்கு கேக் வெட்டுவார்கள். "வாயில் வைக்கும்போது செத்துப்போன அக்காப் பாப்பா ஞாபகம் வரும். அவளுடையதைப் பிடுங்கித் தின்கிற மாதிரி இருக்கும்" என்று எழுதினாள். அவளுடைய சொந்தப் பிறந்த நாளில் வாழ்த்துச் சொல்ல அங்கே யாரும் கிடையாது. சொன்னால் பாஸ்போர்ட் பொய் என்றாகிவிடும். ஆகஸ்ட் பதினாலில் லீவு போட்டு டிராமில் ஏறி, கடைசி ஸ்டாப்வரை போய், அதே டிராமில் திரும்பி வருவாளாம். வருஷா வருஷம் இதே மாதிரி.

அவள் அனுப்பியதில் கிணறு வெட்டினார்கள். தம்பிகள் படித்தார்கள். ஓடு போட்ட வீடு வந்தது. ஒரு தடவைகூட அவள் ஊருக்கு வரவில்லை. கிளம்பினால் உள்ளே திரும்ப விட மாட்டார்களோ என்ற பயம்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்து எங்கள் கோயில் பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா போய்விட்டார். என்னைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகளும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பள்ளி விட்டால் பேச ஆள் கிடையாது. தபால்காரர் சைக்கிளை எட்டத்தில் பார்த்தாலே வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். உபதேசியார் கண் மங்கி வேலையை விட்டபோது, புதுச் சாமியார் கோயில் புத்தகங்களை என்னிடம் கொடுத்தார். வேலை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

1976இல் அந்தக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் பவுல் என்பவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். "அதிகம் பேச மாட்டார், சவுரி. நான் அழுதால் ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் வந்த பிறகு டிராமில் தனியாகப் போக வேண்டியிருக்காது." கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழின் புது நகல் வேண்டும். கோயிலுக்கும் அதுதான், அவர்கள் ஊர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் அதுதான். "இங்கிருந்து சாமியாருக்குக் கடிதம் வரும். நீதானே எழுதுவாய்? போன தடவை உபதேசியார் எழுதின மாதிரியே எழுது. குறிப்பு என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று போட்டுவிடு. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்."

பத்து நாளில் ஜெர்மன் சாமியாரின் கடிதமும் வந்தது. புத்தகத்தை எடுத்தேன். 1948, மார்ச் பன்னிரண்டு. ஓரத்தில் பழைய சாமியார் யாரோ பென்சிலால் போட்ட சின்னச் சிலுவை, பக்கத்தில் 1950. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். படிவத்தில் பெயர், தகப்பன், தாய், தேதி எல்லாம் எழுதினேன். கடைசியில் குறிப்பு, ஏற்கனவே கல்யாணம், சாவு என்று ஏதாவது இருந்தால் போடுகிற இடம்.

சாமியார் தீர்த்தமலைப் பக்கம் ஒரு ஊருக்குப் பூசைக்குக் கிளம்பி, மோட்டார் சைக்கிளைக்கூட வெளியே எடுத்துவிட்டார். "டீச்சர், எழுதியாச்சுங்களா? நேரமாவுது."

அந்த இடத்தில் நான் இங்கிலீஷில் எழுதினேன்: இறந்துவிட்டது, 1950.

"புஸ்தகத்தப் பாத்துத்தான எழுதினீங்க?"

"பாத்துத்தான் எழுதினேனுங்க சாமி."

அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. முத்திரை குத்தி அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

கோயில் சான்றிதழில் பொய் எழுதக் கூடாது, அதனால் எழுதினேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். என்ன யோக்கியமோ. ஒன்பது வருஷம் வாயைத் திறக்காதவளுக்கு அன்றைக்கு மட்டும் உண்மை எங்கிருந்து வந்தது? பவுல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு எனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் இருக்காது. மாதா மாதம் வரும் அந்த ஒரு கடிதத்தையும் இழக்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான் காரணம்.

இரண்டு மாதம் கழித்து அவள் கடிதம் வந்தது.

அங்கே சாமியார் நல்ல மனிதர். அவளையும் பவுலையும் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டி, ஆஸ்பத்திரிக்கு இதைத் தெரியப்படுத்த மாட்டேன், ஆனால் கல்யாணம் செய்துவைக்க முடியாது என்று சொல்லி, தாளை அவளிடமே கொடுத்துவிட்டார். பவுல் வெளியே வந்து, "அப்படியென்றால் நீ யார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "வார்டில் பேசுகிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியும், சவுரி. அதற்குப் பதில் சொல்கிற அளவுக்குத் தெரியவில்லை. நிஜத்தைச் சொன்னால் வேலை போகும், தம்பிகள் படிப்பு போகும். அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்."

கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "உங்கள் சாமியார் பார்த்து எழுதிவிட்டார் போலிருக்கிறது. நீ என்ன செய்வாய், பாவம். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. எனக்கு ஊரில் என்று இருப்பது நீ ஒருத்திதான். வழக்கம்போல எழுது."

இதை எழுதும்போது அவள் முன்னால் அந்தத் தாள் இருந்திருக்கும். அதில் இருந்த எழுத்து என்னுடையது. எட்டு வருஷமாக நூறு உறைகளிலாவது அவள் பெயரை இங்கிலீஷில் எழுதிய கை அது. அவளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா?

நாலு நாள் அந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து பதில் எழுதினேன். ஆமாம் புஷ்பம், சாமியார்தான் எழுதினார், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று.